சாக்கர் ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை காலைகளில் மைதானத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் உங்களில் ஒருத்தியாகவே இதை எழுதுகிறேன். கல்லூரி சாக்கர் (கால்பந்து) அணியில் ஆட வேண்டும் என்று உங்கள் மகளோ மகனோ ஆசைப்பட்டால், தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள்.

என் தங்கை மகன் கோயம்புத்தூரில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு இங்கே வந்தான். பள்ளியில் அவனை மீண்டும் பத்தாம் வகுப்பில் சேர்க்கலாம் என்றார்கள். நாங்கள் எல்லோரும் சம்மதித்தோம். ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்தால் ஆங்கிலம் சரளமாகும், மதிப்பெண்ணும் ஏறும் என்று நான்தான் முதலில் சொன்னேன். மதிப்பெண் ஏறத்தான் செய்தது. பன்னிரண்டாம் வகுப்பில், கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1-இல் உள்ள ஒரு கல்லூரியின் பயிற்சியாளர் அவனை நேரில் வந்து பார்த்துவிட்டும் போனார். அதற்குப் பிறகுதான் இடி விழுந்தது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு என்சிஏஏ. யார் ஆடலாம் என்று முடிவு செய்யும் அதன் தகுதி மையத்தின் கணக்கில் அவனுடைய உயர்நிலைப் பள்ளிக் காலம் கோயம்புத்தூரில் ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய நாளிலேயே தொடங்கிவிட்டது. டிவிஷன் 1 ஆட்டக்காரருக்கு அதிலிருந்து எட்டு செமஸ்டர், அதாவது நான்கு ஆண்டுதான் கெடு. இரண்டு முறை படித்த பத்தாம் வகுப்பு ஆங்கிலம் ஒரே பாடமாக எண்ணப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் கெடுவுக்கு வெளியே போய்விட்டது. நான்கு ஆண்டு ஆங்கிலம் தேவைப்பட்ட இடத்தில் அவன் கையில் மூன்றுதான் இருந்தது.

பள்ளி ஆலோசகர் யாரும் இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நம் வீடுகளில் மதிப்பெண் குறைந்தால்தான் பயம் வருகிறது. என்சிஏஏ கேட்கும் மதிப்பெண் உண்மையில் பெரிதல்ல. தகுதிக்கு எண்ணப்படும் பதினாறு அடிப்படைப் பாடங்களில், டிவிஷன் 1-க்கு 2.3 ஜிபிஏ (ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2 என்று எண்ணும் சராசரி), அடுத்த மட்டமான டிவிஷன் 2-க்கு 2.2. பதினாறு பாடங்களில் ஐந்தில் பி, பதினொன்றில் சி வாங்கினாலே 2.3-ஐத் தாண்டிவிடலாம். எஸ்ஏடி, ஏசிடி என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் 2023-இல் தகுதி விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது மதிப்பெண்ணில் அல்ல. எந்தப் பாடம், எங்கே, எப்போது படித்தது என்பதில்.

டிவிஷன் 1 கேட்கும் பதினாறு பாடங்கள் இவை: ஆங்கிலம் நான்கு ஆண்டு, அல்ஜிப்ரா 1 முதல் தொடங்கும் கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் இன்னொரு ஆண்டு, சமூக அறிவியல் இரண்டு, மீதி நான்கு இவற்றிலிருந்தோ உலக மொழி, தத்துவம், சமய ஒப்பீடு போன்றவற்றிலிருந்தோ. இவற்றில் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அந்தப் பத்தின் மதிப்பெண்ணை, பிறகு திரும்பப் படித்து உயர்த்த முடியாது. பூட்டு விழுந்தது விழுந்ததுதான்.

கோடை விடுமுறையில் பிள்ளையை முந்தவைக்க இணையப் பாடத்தில் சேர்க்கிறோமே, அங்கே இன்னும் கவனம் வேண்டும். ஆசிரியரோடு தொடர்ந்த தொடர்பில்லாமல், பிள்ளை தானே ஓட்டி முடிக்கும் பாடங்களைத் தகுதி மையம் ஏற்பதில்லை. பள்ளி மதிப்பெண் கொடுக்கலாம், கல்லூரி சேர்த்துக்கொள்ளலாம். ஆடுகளத்துக்கு அது செல்லாது. நாம் ஆசை ஆசையாகச் சேர்க்கும் கணினிப் பாடமும், பள்ளியின் பட்டியலில் கணிதமாகவோ அறிவியலாகவோ பதிவாகியிருந்தால்தான் எண்ணப்படும். அல்ஜிப்ரா 1-ஐ இரண்டு ஆண்டுகளாக இழுத்து நடத்தினால் அது ஒரு பாடம்தான். எட்டாம் வகுப்பிலேயே அதை முடித்த பிள்ளைக்கு, உயர்நிலைப் பள்ளிச் சான்றில் மதிப்பெண்ணோடு அது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தமிழைப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பி, தேர்வெழுதவைத்து, அதற்கு உலக மொழி கிரெடிட் வாங்கித் தருகிறோம். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் தேர்வெழுதி மட்டும் பெற்ற கிரெடிட்டை என்சிஏஏ அடிப்படைப் பாடமாக எடுத்துக்கொள்வதில்லை. அதை நம்பிப் பள்ளியில் ஸ்பானிஷை விட்டுவிடும் பிள்ளை இரண்டு பாடங்களை இழக்கக்கூடும். தமிழையும் படிக்கட்டும், அந்த இடத்தை வேறு பாடத்தாலும் நிரப்பிக்கொள்ளட்டும்.

பயிற்சியாளர் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். டிவிஷன் 1 சாக்கரில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன் கல்லூரிப் பயிற்சியாளர் உங்கள் பிள்ளைக்கு அழைப்புக் கடிதம் எழுதவே கூடாது. முதல் மின்னஞ்சல் வரும்போது எட்டு செமஸ்டரில் நான்கு கழிந்திருக்கும். 2025 முதல், ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் தர வழிசெய்த புதிய நீதிமன்ற ஒப்பந்தத்தில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு 28 பேர்தான். தகுதி உறுதியாகாத ஒருவருக்காக இடத்தைப் பிடித்துவைத்துக் காத்திருக்கப் பயிற்சியாளருக்கு என்ன தேவை?

டிவிஷன் 3-க்கு இந்த விதிகள் இல்லை. அங்கே கல்லூரியின் சேர்க்கை விதியே போதும், விளையாட்டு உதவித்தொகையும் கிடையாது. டிவிஷன் 2 கேட்கும் பாடங்களும் பதினாறுதான் என்றாலும் எட்டு செமஸ்டர் கெடு இல்லை. அந்த வழியாகத்தான் என் தங்கை மகன் இன்று ஆடிக்கொண்டிருக்கிறான். நன்றாகவே ஆடுகிறான். ஆனாலும், தான் செய்யாத தவறுக்கு விரும்பிய கல்லூரியை விட்டுக்கொடுத்த அன்று அவன் முகம் இருந்த நிலை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் என்சிஏஏ தளத்தில் உங்கள் பள்ளியின் அங்கீகரிக்கப்பட்ட பாடப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பாடப் பெயரையும் சான்றில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியாவிலிருந்து நடுவில் வந்த பிள்ளை என்றால், எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் முன்னரே தகுதி மையத்தைக் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலையும் அவர்கள் கேட்பார்கள். அது ஊரில் பரணிலோ பீரோவிலோ கிடந்தால், தாத்தா பாட்டியிடம் சொல்லி இந்த வாரமே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு பெரியம்மா