ஆண்டறிக்கை: ஒளியை வைத்து டிஎன்ஏவை அளப்பது

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், நான் கூட்டங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்த ஆண்டு முழுக்க நாம் பேசியது, ஒளி விடும் வேதிவினைகளைக் கொண்டு டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் கண்டுபிடித்து அளப்பது பற்றி. ஃப்ளோரசென்ஸ், அதாவது ஒளி பட்டால் திருப்பி ஒளிரும் சாயங்களை வைத்து அளக்கும் முறை, இருக்கும்போது இது எதற்கு என்று முதல் கூட்டத்திலேயே கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். அதில் வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்ச வேண்டும், அந்த ஒளி சிதறுவதும் பிளாஸ்டிக் தானே ஒளிர்வதும் அளவில் கலந்துவிடும். இங்கே விளக்கே கிடையாது, அதனால் பின்னணி மிகக் குறைவு.

அதிகம் விவாதித்தது பைரோசீக்வென்சிங், அதாவது டிஎன்ஏவின் எழுத்து வரிசையை ஒளியை வைத்துப் படிக்கும் முறை. 1990களில் ஸ்டாக்ஹோமில் பொல் நீரேனும் மொஸ்தஃபா ரொனாகியும் உருவாக்கியது. டிஎன்ஏ இழையில் ஒரு நியூக்ளியோடைடு, அதாவது ஓர் எழுத்து, சேரும்போது பைரோபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு வெளியேறும், அதை ஒரு நொதி ஏடிபியாக (செல்களின் ஆற்றல் மூலக்கூறு) மாற்றும், அந்த ஏடிபியை வைத்து மின்மினியின் லூசிஃபெரேஸ் என்ற நொதி ஒளி விடும். ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு வந்தால் ஒளியும் இரு மடங்கு, ஆனால் ஏழா எட்டா என்று வரும்போது தடுமாறிவிடும். இதில் ஒரு வேடிக்கை, 'ஏ' எழுத்துக்கான நியூக்ளியோடைடாகச் சாதாரண டிஏடிபியைப் போட்டால் லூசிஃபெரேஸ் அதையே ஏடிபி என்று எடுத்துக்கொண்டு ஒளிரும், அதனால் கந்தகம் சேர்த்த மாற்று வடிவத்தைத்தான் போடுவார்கள். இதை நம்பி 2005இல் வந்த 454 என்ற டிஎன்ஏ படிக்கும் கருவியை ரோஷ் நிறுவனம் பிற்பாடு கைவிட்டது, முறை மட்டும் சிறு பகுதிகளைப் படிக்க இன்னும் பயன்படுகிறது.

அக்ரிடினியம் எஸ்டர் என்ற ஒளிரும் வேதிப்பொருளைப் புரோபில், அதாவது தேடும் டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏவோடு மட்டும் இணையும் சிறு இழையில், ஒட்டிவைக்கும் முறைக்கு ஒரே கூட்டம்தான் கிடைத்தது, எனக்கு வருத்தம்தான். இலக்கோடு இணையாத புரோபின் எஸ்டரைக் காரம் சிதைத்துவிடும், இணைந்தது மட்டும் பிழைத்துப் பெராக்சைடு பட்டதும் சில நொடிகள் மின்னும், கழுவும் வேலையே இல்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். மாதிரிகளை ஊற்றும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டை டியூப்லைட்டுக்கு அடியில் வைத்துவிட்டு உடனே ஒளியை அளக்கும் லூமினோமீட்டரில் போடாதீர்கள், தட்டே மங்கலாக ஒளிரும், சில நிமிடம் இருட்டில் இருக்கட்டும். ஒரு கருவி காட்டும் ஒளி அளவை (ஆர்எல்யூ) இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதையும் விட்டுவிடலாம், அது சார்பு அலகு, அளவு தெரிந்த மாதிரிகளையும் கூடவே ஓட்டினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

செயலாளர்