மூன்றாவது ஓட்டு இல்லாமல் ஃபெயில்ஓவர் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் ராமேசுவரம், மண்டபம், கீழக்கரை பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மருத்துவமனையோ மீன் ஏற்றுமதிக் கம்பெனியோ, சர்வர் நிற்கக் கூடாது என்று நினைப்பவர்கள் இப்போதே கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஃபெயில்ஓவர் என்றால் ஒரு சர்வர் விழுந்ததும் அதன் வேலையை மற்றொன்று தானாக ஏற்றுக்கொள்வது. ஒரே சர்வர் பெட்டிக்குள் இரண்டு விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளால் உருவாக்கிய கணினி) ஓட்டுவது ஃபெயில்ஓவர் ஆகாது. பவர் சப்ளை போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டு பெட்டி வாங்கினாலும் போதாது. கிளஸ்டர், அதாவது சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம், பெரும்பான்மை ஓட்டில் இயங்குகிறது; சர்வருக்கு ஒரு ஓட்டு. இரண்டே ஓட்டு என்றால் இரண்டும் வேண்டும், ஒன்று போனால் நல்ல சர்வரும் நின்றுவிடும். இதற்குப் பயந்து 'ஒரு ஓட்டே போதும்' என்று செட்டிங்கை மாற்றுவது அதைவிட ஆபத்து. நடுக்கேபிள் கழன்றால் இரண்டு சர்வரும் அதே மெஷினைத் தனித்தனியே கிளப்பும். ஸ்டோரேஜ் இரண்டுக்கும் ஒன்றே என்றால் டேட்டாபேஸ் சிதையும்.

மூன்றாவது ஓட்டுக்குப் பெரிய செலவில்லை. விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸில், கியூடிவைஸ் என்ற ஓட்டுப் போடும் சேவையை ராஸ்பெர்ரி பை என்ற கையளவுச் சிறு கணினியில் நிறுவினால் போதும். ஆனால் அதைச் சர்வர்களில் ஒன்றோடு ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். அந்த யுபிஎஸ் படுத்தால் இரண்டு ஓட்டு ஒன்றாகப் போகும். மிஞ்சிய சர்வர் பெரும்பான்மை இல்லாமல் சுமார் 60 நொடியில் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். ஒரே சுவிட்சை நம்பியிருந்தாலும் இதே கதிதான். கிளஸ்டர் பேச்சுக்குத் தனி நெட்வொர்க் கார்டும் தனி சுவிட்சும் கொடுங்கள்.

ரேம் கணக்கும் முக்கியம். ஒன்று விழுந்தால் மற்றது எல்லா மெஷினையும் சுமக்க வேண்டும். இரண்டும் 64 ஜிபி சர்வர் என்றால், இரண்டிலும் ஓடும் மெஷின்கள் மொத்தம் 50 ஜிபியைத் தாண்டக் கூடாது. இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன், அதாவது டேட்டாவை மறு சர்வருக்கு நகலெடுப்பது, வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். சர்வர் விழுந்தால் அந்த இடைவெளியில் போட்ட பில்கள் போய்விடும். 1 நிமிடமாகக் குறையுங்கள். மெஷின் மறுபக்கம் புதிதாக பூட் ஆகி எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும், நொடியில் மாறாது.

நம் கரையில் உப்புக்காற்றே பெரிய எதிரி. லேன் ஜாக்கில் பச்சைக் களிம்பு பிடித்தால் இணைப்பு முழுதாகச் சாகாமல் விட்டுவிட்டு வரும். கிளஸ்டருக்கு இது செத்த கேபிளைவிடக் கெடுதல். சர்வர் அறையை ஜன்னல் திறக்காமல் ஏசியில் வையுங்கள். அலுமினியம் கலந்த மலிவு கேபிள் வேண்டாம், சுத்தச் செம்பு வாங்குங்கள்.

சோதிக்கும்போது ஷட்டவுன் கட்டளை கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. வேலை இல்லாத நாளில் பவர் வயரையே பிடுங்குங்கள். அடுத்து லேன் வயரை மட்டும். அதற்கு முன் பேக்கப் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். தவறி அழித்த கோப்பை ரெப்ளிகேஷன் மறு சர்வரிலும் அழித்துவிடும்.

– ஒரு சர்வர் பராமரிப்பாளர், கீழக்கரை