முழங்கால் உயர நகரத்தின் மேயர்

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அட்டையும் களிமண்ணும் கொண்டு ஒரு சிறு நகரத்தையே கட்டி முடித்துவிட்டார்கள் என்றும், கண்காட்சி முடிந்தபின் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு மடுரோடாம் என்ற குட்டி மாதிரி நகரம்தான் நினைவுக்கு வந்தது. நெதர்லாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது தி ஹேக் நகரில் அதைப் பார்த்தேன். (பெயரைக் கேட்டு மதுரையோடு முடிச்சுப் போடாதே, நான் போட்டேன், மகள் சிரித்தாள்.)

அங்கே எல்லாமே உண்மையான அளவில் 25-இல் ஒரு பங்கு. உத்ரெக்ட் நகரின் 112 மீட்டர் டோம் கோபுரம் அங்கே நாலரை மீட்டர்தான். மனிதர்கள் சுண்டுவிரல் உயரம். என்னை நிறுத்திவைத்தவை மரங்கள். பொம்மை என்று நினைத்துக் குனிந்து பார்த்தால், வீட்டுக் கூரையைத் தாண்டாதபடி கத்தரித்து வளர்த்த, தளிர் விட்டிருக்கும் உயிருள்ள மரங்கள்.

இந்த அழகின் பின்னால் இருப்பது ஒரு பெரிய துக்கம். கரீபியக் கடலின் குராசோ தீவில் பிறந்து லைடன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த ஜார்ஜ் மடுரோ, 1940 மே மாதம் ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தபோது இளம் அதிகாரியாக எதிர்த்துப் போரிட்டார். பிறகு பிடிபட்டு, 1945 பிப்ரவரியில், விடுதலைக்கு மூன்று மாதம்கூட இல்லாத நேரத்தில், டாஹாவ் வதைமுகாமில் டைஃபஸ் காய்ச்சலால் இறந்தார். நாட்டின் மிக உயர்ந்த இராணுவ விருது அவருக்கு மறைவுக்குப் பின்னரே வந்தது.

அந்நாளில் லாரென் என்ற ஊரில், காசநோய் கண்ட கல்லூரி மாணவர்கள் சிகிச்சையோடு படிப்பையும் தொடர ஒரு மருத்துவ இல்லம் இருந்தது. அதற்கு நிதி தேடிய போன்-வான் டெர் ஸ்டார்ப் அம்மையாருக்கு வழிகாட்டியது இங்கிலாந்தின் பெக்கன்ஸ்காட். காலிங்ஹாம் என்ற கணக்காளர் தம் தோட்டத்தில் கட்டி 1929-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட அந்தச் சிற்றூர், அறப்பணிகளுக்குப் பணம் ஈட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதுபோல ஒன்றைக் கட்டுவதற்கான மூலதனத்தை, ஒரே மகனைப் பறிகொடுத்த மடுரோவின் பெற்றோர் தந்தார்கள். ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் என்பதுபோல, மகன் பெயரோடு ‘டாம்’ சேர்ந்து ஊர்ப் பெயராயிற்று. 1952 ஜூலையில் அது திறக்கப்பட்டது.

இதுவரை உள்ளது பெரியவர்கள் கட்டிய கதை. நான் உனக்குச் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. ஊர் என்றால் நிர்வாகம் வேண்டுமல்லவா? 14 வயது இளவரசி பெயாட்ரிக்ஸ் மேயரானார். தி ஹேக் பள்ளி மாணவர்களைக் கொண்டு ஒரு நகர மன்றம் அமைந்தது. 1980-இல் நாட்டுக்கே அரசியானபோதுதான் அவர் அந்தப் பதவியை விட்டார் (பதவி உயர்வு என்றால் இதுவல்லவா!). அதன்பின் மேயரை அந்த மாணவர் மன்றத்திலிருந்தே தேர்ந்தெடுத்தார்கள்.

உன் பிள்ளைகள் கட்டுவதைச் செய்துவிட்டார்கள். ஆள்வது இன்னும் பாக்கியிருக்கிறது. ஆகவே அதைப் பரணில் ஏற்றிவிடாதே. வகுப்பில் ஒரு தேர்தல் வை. வென்றவர்களிடம், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், பள்ளிக்கூடம் ஏன் ஊர்க்கோடியில் இருக்கிறது, குப்பையைக் கொட்ட இடம் எங்கே என்று மற்ற பிள்ளைகள் கேட்கட்டும். பதில் இல்லாத இடத்தில் அவர்களே இடித்துக் கட்டுவார்கள். அட்டையும் களிமண்ணும்தானே, செலவு பெரிதாகாது. அதிகமாகப் பேசுகிற பையனே மேயராகிவிடுவான் என்று நீ சொல்லக்கூடும். ஆகட்டுமே, கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டியவனும் அவன்தான்.

யார் மேயரானது என்று மறக்காமல் எழுது. ஈரம் காயுமுன் வளைந்துவிட்டது என்றாயே, அந்தக் களிமண் பாலம் இன்னும் நிற்கிறதா?

என்றும் அன்புடன்,
ராகவன்