லூபஸும் மரபணுப் பரிசோதனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, நோய் எதிர்ப்பு அமைப்பே உடலின் உறுப்புகளைத் தாக்கும் லூபஸைப் 'பரம்பரை நோய்' என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தது. அந்த வரியைப் படிக்கும் நோயாளிக்கு முதலில் தன் பிள்ளைகளின் நினைப்புதான் வரும். அதனால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு சுமார் 25 முதல் 40 சதவீதம். தனித்தனிக் கருமுட்டைகளில் உருவான இரட்டையரிடம் அது 2 முதல் 5 சதவீதம்தான். மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் அச்சு அசலாக ஒரே மரபணுக்கள் இருந்தும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

லூபஸோடு தொடர்புடைய 100க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் இதுவரை தெரியவந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை புரதத்தைக் கெடுப்பதில்லை. எந்த நோய் எதிர்ப்பு செல்லில், எப்போது, எவ்வளவு புரதம் உருவாக வேண்டும் என்பதைத்தான் மாற்றுகின்றன. ஏ20 என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். அழற்சிக்கான சமிக்ஞையை அடக்குவது இதன் வேலை. இதன் மரபணுவைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், டிஎன்ஏ வரிசையில் இரண்டு 'டி' எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் சிலருக்கு ஒரே ஒரு 'ஏ' இருக்கிறது. டிஎன்ஏ வளைந்து, அந்த இடம் மரபணுவின் தொடக்கத்தைத் தொட்டால்தான் ஏ20 போதிய அளவு உருவாகும். எழுத்து மாறினால் அந்தத் தொடுப்பு தளர்ந்து, ஏ20 குறைந்துவிடுகிறது. ஐஆர்எஃப்5, ஸ்டாட்4 ஆகிய மரபணுக்களில் உள்ள மாற்றங்கள், வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் பக்கம் தராசைச் சாய்க்கின்றன. இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றும் தனியாக ஆபத்தைக் கூட்டுவது பெரும்பாலும் ஒன்றரை மடங்குக்கும் குறைவு. நோயே இல்லாதவர்களிலும் ஏராளமானோரிடம் இவை உண்டு.

பெண்களுக்கு ஏன் ஒன்பது மடங்கு அதிகம் என்ற கேள்விக்கும் அளவுதான் விடையின் ஒரு பகுதி. வைரஸ் ஆர்என்ஏவை உணரும் டிஎல்ஆர்7 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களின் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிக் கிடக்க வேண்டும். ஆனால் எதிர்ப்புரதங்களை உருவாக்கும் பி செல்கள் சிலவற்றில் டிஎல்ஆர்7 மட்டும் இரண்டிலிருந்தும் வேலை செய்கிறது. கூடுதலாக ஓர் எக்ஸ் கொண்டு பிறக்கும் ஆண்களுக்கு மற்ற ஆண்களைவிட லூபஸ் ஆபத்து சுமார் 14 மடங்கு. இதே மரபணுவில் ஒற்றை எழுத்து மாறினாலே லூபஸ் வரக்கூடும் என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அத்தகைய ஒற்றை மரபணு லூபஸ் மிக அரிது.

லூபஸுக்கு வழக்கமாகத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை தணிக்கும் வழிகளில் இந்த டிஎல்ஆர்7 வழியும் ஒன்று. நன்றாகிவிட்டதே என்று தாமாக நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்பக் கிளம்ப இதுவும் ஒரு காரணம். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 60 கிலோ எடைக்கு 300 மில்லிகிராம். தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு முறையும், 5 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இன்னும் முன்னதாகவே.

சரி, மரபணுப் பரிசோதனை யாருக்கு? ஐந்து வயதுக்குள் நோய் தொடங்கிய குழந்தை, உறவில் மணந்த பெற்றோரின் பிள்ளை, உடன்பிறந்தோரில் ஒருவருக்கு மேல் பாதிக்கப்பட்ட குடும்பம். இவர்களுக்குப் பலன் உண்டு. ரத்தத்தில் உள்ள 'காம்ப்ளிமென்ட்' என்ற நோய் எதிர்ப்புப் புரதத் தொகுதியில் ஒன்றான சி1க்யூ இல்லாமல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதத்தினருக்கு லூபஸ் வருகிறது. அதே தொகுதியின் சி3, சி4 சரியாக இருந்து, அந்தத் தொகுதி முழுவதும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று அளக்கும் சிஎச்50 மட்டும் ஏறத்தாழ இல்லாமலே போனால் சி1க்யூ குறைபாட்டைச் சந்தேகிக்கலாம். ஆனால் ரத்த மாதிரி அறை வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தாலும் சிஎச்50 பொய்யாகக் குறையும். ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரான சீரத்தை உடனே பிரித்து உறையவைத்து, மீண்டும் ஒருமுறை பார்த்த பிறகே மரபணுப் பக்கம் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு, எச்சிலை அனுப்பினால் லூபஸ் ஆபத்தைச் சொல்லித் தரும் பரிசோதனைகள் வீண் செலவு என்பதே என் கருத்து. அந்தக் கணக்கீடுகளுக்கு அடிப்படையான தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. பிறருக்கு அது சரியாகப் பொருந்துவதில்லை. நோயாளியின் பிள்ளை நலமாக இருந்தால், சொந்த செல்களின் கருவைத் தாக்கும் எதிர்ப்புரதங்களைத் தேடும் ஏஎன்ஏ பரிசோதனையும் வேண்டாம். ஆரோக்கியமானவர்களிலேயே 1:160 அளவில், அதாவது சீரத்தை 160 மடங்கு நீர்க்கச் செய்து பார்த்தாலும், சுமார் 5 சதவீதத்தினருக்கு அது பாசிட்டிவ்வாக வரும். வெயில் பட்டால் தடிப்பு, வாரக்கணக்கில் மூட்டுவலி, சிறுநீரில் நுரை, கால் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தால் முதலில் சிறுநீரில் புரதம், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்