ஹெந்தளையின் வரலாற்றைப் பதிந்து வையுங்கள்: வத்தளைப் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். காலையில் மட்டக்குளிப் பாலத்தைக் கடந்து கொழும்பின் கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் வேலைக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்புவோரின் ஊராக மட்டுமே ஹெந்தளை இன்று அறியப்படுகிறது. எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தை மாற்றும் பொறுப்பு சபைக்கு உண்டு என்று நம்பியே இதனை எழுதுகிறேன்.

ஒல்லாந்தர் 1708இல் தொழுநோயாளருக்கென அமைத்த வைத்தியசாலை இங்குதான் இருக்கிறது. கொழும்பு தன் நடுவில் வைத்திருக்க விரும்பாத நோயாளர், களனி கங்கைக்கு இப்பால் இந்த மண்ணிலேயே வாழ்ந்து இங்கேயே மடிந்தனர். அவர்களை மறந்துவிட்டு இவ்வூரின் கதையைச் சொல்ல முடியாது.

ஹமில்டன் கால்வாயின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த இக்கால்வாய், முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தில் ஏறிய உப்புநீரை வடிப்பதற்காக வெட்டப்பட்டது. வருமான அதிகாரியாயிருந்த கவின் ஹமில்டனின் பெயரைத் தாங்கியது. அதன் வடபகுதி 1996இல் சரணாலயமாக்கப்பட்ட அச்சதுப்பு நிலமே மழைவெள்ளத்தை உள்வாங்கித் தாழ்ந்த குடியிருப்புகளைக் காக்கிறது. கால்வாய் எதற்காக வெட்டப்பட்டது என்று அறியாதவர்களுக்கு அது குப்பை கொட்டும் இடமாகவும், சதுப்பு நிலம் மண்ணிட்டு நிரப்ப வேண்டிய வெற்றுக் காணியாகவுமே தெரியும்.

கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்களின் அயலில், கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வாடகை கட்டுப்படியாகாமல் வந்தவர்களும், 1983 கலவரத்தின் பின்னும் போர்க்காலத்திலும் வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்தவர்களும் வாழ்கிறார்கள். இவர்கள் வந்த கதையும் ஊரின் வரலாறே. அதைச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, சபையின் பொது நூலகத்தில் ஹெந்தளைக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, பழைய வரைபடங்கள், காணி உறுதிகளின் பிரதிகள், புகைப்படங்கள், முதியோரின் வாய்மொழிப் பதிவுகள் ஆகியவற்றைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழி விளக்கங்களுடன் சேர்த்து வைக்குமாறு வேண்டுகிறேன். கால்வாய்க் கரையில் அதன் வரலாறு கூறும் மும்மொழிப் பலகையொன்றும் நிறுத்தப்பட வேண்டும். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு தொகையை ஒதுக்கி, எந்த உறுப்பினரின் பொறுப்பில் இப்பணி நடைபெறும் என்பதையும் ஊர்மக்களுக்கு அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஹெந்தளை வாசி ஒருவர்