ஸ்டார்ட்டர் வாங்க முதல் இதை வாசி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே ஸ்காபரோவில் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. போனில் கதைத்தால் நீ பாதியில் வேலைக்கு ஓடிவிடுவாய், அதுதான் எழுதுகிறேன்.

வீட்டை விற்றவர் கராஜில் விட்டுப்போன ஸ்நோ புளோவருக்கு, அதுதான் அந்தப் பனி அள்ளி வீசும் மெஷினுக்கு, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் மோட்டர் புதிதாக ஓடர் பண்ணப் போவதாகச் சொன்னாய். கொஞ்சம் பொறு. நவம்பர் பிறந்தால் எங்கள் பார்ட்ஸ் கவுண்டருக்கு வருகிறவர்கள் மெஷினின் நிறத்தையும் அதில் ஒட்டியிருக்கும் பெயரையும்தான் முதலில் சொல்வார்கள். அதை வைத்து ஸ்டார்ட்டர் எடுக்க முடியாது. வெளியே ஏரியன்ஸ், கிராஃப்ட்ஸ்மன் என்று எது எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் எஞ்சின் பெரும்பாலும் வேறொரு கம்பெனி செய்தது. ஸ்டார்ட்டர் எஞ்சினோடு சேர்ந்த சாமான்.

நீ அனுப்பிய படத்தில் தெரிவது டெக்கம்சே கம்பெனியின் ஸ்நோ கிங் எஞ்சின். அவர்கள் 2008-ஓடு எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இப்போது விற்பதெல்லாம் அநேகமாக மற்றவர்கள் செய்யும் மாற்றுச் சாமான். நல்லதும் உண்டு, ஆனால் படத்தில் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆகவே எஞ்சின் மூடியில் அடித்திருக்கும் மாடல் நம்பரைத் தேடு. துணியால் துடைத்து, டோர்ச் அடித்து வடிவாகப் பார். எச்எம்எஸ்கே80 என்பதுபோல் தொடங்கும். 80 என்றால் 8 குதிரைவலு. அதற்குப் பிறகு ஒரு கோடு போட்டு ஆறு இலக்கம் இருக்கும். கடைக்காரருக்கு வேண்டியது அந்த ஆறு இலக்கமும்தான்.

ஆனால் முழு ஸ்டார்ட்டரும் உனக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். பட்டனை அமத்தினால் மோட்டர் விர்ரென்று சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை என்றாய். அப்படியென்றால் கரண்ட் வருகிறது, மோட்டரும் நல்லது. பழுது முன்னால் இருக்கும் சின்னப் பல்லுச்சக்கரத்தில். மோட்டர் சுற்றும்போது அது தண்டின் முறுக்குக் காடி வழியே முன்னேறி, எஞ்சினோடு சுற்றும் பெரிய சக்கரமான பிளைவீலின் பற்களைப் பிடிக்க வேண்டும். தண்டில் துரு பிடித்தாலோ, முன்பு யாரோ பூசிய கிரீஸ் குளிரில் இறுகினாலோ அது இருந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை இறக்கு. சக்கரத்தை விரலால் தண்டின் மேல் தள்ளிப் பார். மேலே போய், விட்டவுடன் சுருள்வில் அதைத் திருப்பி இழுக்க வேண்டும். இறுகியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்கு. கிரீஸ் மட்டும் பூசாதே, மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும். பல் மழுங்கியிருந்தால் சக்கரம், வில், கிளிப் மூன்றும் சேர்ந்த செட் தனியாகக் கிடைக்கும்.

ஸ்டார்ட்டர் இறங்கியிருக்கும்போதே பிளைவீலையும் பார்த்துவிடு. கயிற்றை மெதுவாக இழுத்து ஒரு முழுச் சுற்று சுற்று. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் அநேகமாக ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும், அதனால் அந்த இடத்துப் பற்கள்தான் முதலில் தேயும். அங்கே பல் உடைந்திருந்தால் புதுச் சக்கரத்தையும் அது தின்றுவிடும்.

முழு ஸ்டார்ட்டர்தான் வேண்டுமென்று வந்தால் 120 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார். சக்கரத்தின் பற்களை எண்ணு, போல்ட் ஓட்டைகளின் இடைவெளியை அள. பழையதை எறிந்துவிடாதே, பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

இதற்கு இவ்வளவு எழுதுகிறேனே என்று நினைக்காதே. உனக்கு இரவு ஷிப்ட். விடிய மருமகள் குழந்தையோடு வெளிக்கிட வேண்டும். மைனஸ் இருபதில் எட்டுக் குதிரைவலு எஞ்சினின் கயிற்றை அவள் இழுத்து நிற்பதை நினைத்தால் எனக்கு நித்திரை வராது. அவளுக்கும் சொல்லிக்கொடு: மூன்று முள் உள்ள தடித்த வயர்தான் பாவிக்க வேண்டும். முதலில் எஞ்சினில் செருகி, பிறகு சுவரில் செருக வேண்டும். கழற்றும்போது சுவரில் முதலில். பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அமத்தக் கூடாது, ஒரு நிமிஷம் விட்டுத்தான் திரும்ப முயல வேண்டும்.

மாடல் நம்பரையும் அந்தச் சின்னப் பல்லுச்சக்கரத்தையும் கிட்ட வைத்துப் படம் எடுத்து இன்றிரவே அனுப்பு. காலையில் கடை திறந்தவுடன் இருப்பில் பார்க்கிறேன். இருந்தால் பின்னேர பஸ்ஸில் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
அம்மா