பட்டன் இருக்கிறது, ஆனால் டயர் கிழடு

டேய் மாப்ளே,

உன் மெயில் கிடைத்தது. முழங்கால் சரியாகி, இனி பைக் ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த வரியிலேயே "கவரை எடுத்துப் பார்த்தேன், டயர் புதுசு மாதிரியே இருக்கு, காத்து அடிச்சா கிளம்பிடலாம்" என்று எழுதியிருக்கிறாய், அங்கேதான் கொஞ்சம் பயந்துவிட்டேன். நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டன், அதாவது ரோட்டில் படும் பக்கத்தில் பள்ளம் விட்டுச் செய்த ரப்பர் கட்டங்கள், இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரிம்முக்குப் பக்கத்தில், பக்கவாட்டில், முடி மாதிரி மெல்லிய கோடுகள் ஓடுகின்றனவே, அதை நீ பார்க்கவில்லையா, இல்லை பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறாயா?

அந்தக் கோடுகளை விடு. இன்னொரு போட்டோவில், டயரின் பக்கவாட்டில் DOT என்பதற்கு அப்புறம் வரும் எழுத்துகளின் கடைசியில், சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் 2316 என்று இருக்கிறது. 2016-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் மாதம் அந்த டயர் அச்சிலிருந்து வெளியே வந்திருக்கிறது. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருஷம், 2000-க்கு அப்புறம் வந்த எல்லா டயரிலும் இந்தக் கணக்குதான் (அதற்கு முன்னால் மூன்றே எண், எந்தப் பத்தாண்டு என்றுகூடச் சரியாகத் தெரியாது). பல டயரில் இந்தத் தேதி ஒரு பக்கம் மட்டும்தான் முழுசாக இருக்கும், அதனால் முன் டயரையும் குனிந்து இரண்டு பக்கமும் பார். அதுவும் 2016 என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, வண்டியோடு வந்த ஜோடிதானே.

"ஓட்டவே இல்லையே, எப்படிடா வயசாகும்?" என்று கேட்டிருக்கிறாய். ஓடாமல் நின்றதுதான் கெடுதல். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கித்தான் டயர் செய்கிறார்கள், அதில் உருவாகும் பிணைப்புகள் தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை, காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் வெயிலும் சூடும் சேர்ந்து ரப்பரை வருஷக்கணக்கில் இறுக்கிக்கொண்டே போகும். இன்னொரு பக்கம் ஓசோன், அது இழுபட்டு நிற்கும் ரப்பரைத்தான் முதலில் கடிக்கும், அதனால்தான் பக்கவாட்டில், அதுவும் வண்டியின் கனம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் பகுதியில் முதலில் வெடிப்பு விடும். இதைத் தடுக்கத்தான் ரப்பர் கலவையிலேயே ஒருவித மெழுகையும் சில ரசாயனங்களையும் சேர்க்கிறார்கள். ஆனால் டயர் ஓடும்போது வளைந்து நெளிவதில்தான் அந்த மெழுகு நன்றாக மேலே வந்து ஒரு படலமாகப் படியும். நிற்கிற டயருக்கு அது நடக்காது. உன் வண்டி கவருக்குள் பத்திரமாக இருந்தது உண்மைதான், டயருக்கு அது பெரிய உபகாரம் இல்லை.

கட்டை விரல் நகத்தை பட்டன் மேல் அழுத்திப் பார். நல்ல டயரில் நகம் லேசாகப் பதியும், எடுத்ததும் தடம் மறையும். உன்னுடையதில் நகம்தான் வளையும் என்று நினைக்கிறேன். இது ஒன்றும் விஞ்ஞானச் சோதனை இல்லை, ஷோர் ஏ என்கிற அளவில் ரப்பரின் கடினத்தைக் காட்டும் மீட்டரே இருக்கிறது, ஆனால் உன் விஷயத்தில் மீட்டர் தேவைப்படாது.

இதில் சிக்கல் என்னவென்றால், காய்ந்த ரோட்டில் நேராகப் போகும்போது உனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. "நல்லாத்தானே போகுது" என்று நீயே எனக்கு எழுதுவாய். மழை ஈரத்தில் வளைவில் சாய்க்கும்போதோ, முன்னால் போகிறவர் திடீரென்று நிற்க நீ முன் பிரேக்கை இறுக்கும்போதோதான் அந்தக் கட்டை ரப்பர் தன் குணத்தைக் காட்டும். அப்போது பட்டன் ஆழம் காப்பாற்றாது. பட்டனின் வேலை தண்ணீரை வழிவிட்டு வெளியே தள்ளுவது மட்டும்தான், ரோட்டைப் பிடிப்பது ரப்பர். அதனால்தான் மிஷெலின் மாதிரி கம்பெனிகள் ஐந்து வருஷம் ஆனதும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது தெரிந்தவரிடம் காட்டு, தயாரித்து பத்து வருஷம் ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடு என்கின்றன. அந்தப் பத்து என்பது கடைசி எல்லை மாப்ளே, அதுவரைக்கும் உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ளாதே. வெடிப்பு விட்ட டயருக்கு அந்தக் கணக்கே கிடையாது.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். அப்புறம் உன் பெரிய கேள்வி, எந்த பிராண்ட்? ஒருத்தர் மிஷெலின் என்கிறார், ஒருத்தர் பிரெல்லி, இன்னொருத்தர் மெட்ஸெலரைத் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார், மூன்று பேரும் சத்தியம் செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். முதலில் ஒரு வேடிக்கை: மெட்ஸெலரின் இருசக்கர டயர் தொழில் 1986-லிருந்தே பிரெல்லியின் கையில்தான் இருக்கிறது. டயர்கள் வேறு வேறுதான், வடிவமும் கலவையும் தனித்தனி, இருந்தாலும் அந்த இரண்டு பேரும் அடித்துக்கொள்வது ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்காக.

இந்த பிராண்ட் சத்தியங்களை நான் ஏன் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று சொல்கிறேன். ஒருவர் பழைய டயரைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனி டயர் போடுகிறார். பழையது நேர் ரோட்டிலேயே ஓடி நடுவில் தட்டையாகிப் போயிருக்கும், அந்த மாதிரி டயர் வளைவில் முதலில் சாய மறுக்கும், அப்புறம் அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். புதுசு உருண்டையாக இருக்கும், நினைத்த மாத்திரத்தில் வண்டி திரும்பும். அவருக்கு அது அற்புதமாகத் தெரியும், "இந்தக் கம்பெனி டயர்தான் டயர்" என்று ஊரெல்லாம் சொல்வார். அவர் ஒப்பிட்டது ஒரு கம்பெனியின் புதுசை இன்னொரு கம்பெனியின் தேய்ந்துபோனதோடு. பழைய கம்பெனி டயரையே புதுசாகப் போட்டிருந்தாலும் அதே அற்புதம்தான் நடந்திருக்கும். இரண்டையும் புதுசாக, ஒரே வண்டியில், ஒரே ரோட்டில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நானும் இல்லை.

அதனால் பிராண்டுக்கு முன்னால் எந்த ரகம் என்று பார். உன் ஆசை எனக்குத் தெரியும், ரேஸ் டயர் மாதிரி பட்டன் குறைவாக, பார்க்க அம்சமாக ஒன்று போட வேண்டும். அந்த ஒட்டும் ரகம் சூடேறினால்தான் முழுப் பிடிப்பைத் தரும். ஆபீஸ் போய் வரும் தூரத்தில், சிக்னலுக்கு சிக்னல் நின்று போனால் அது சூடேறவே ஏறாது, நடுப்பகுதி மட்டும் மளமளவென்று தேயும். உனக்கு வேண்டியது ஸ்போர்ட் டூரிங் ரகம், தினசரி ஓட்டத்துக்கும் நீண்ட பயணத்துக்கும் ஏற்றது. மிஷெலின் ரோடு 6, பிரெல்லி ஏஞ்சல் ஜிடி 2, மெட்ஸெலர் ரோட்டெக், பிரிட்ஜ்ஸ்டோன் பேட்லாக்ஸில் டி வரிசை, கான்டினென்டல் ரோடு அட்டாக், டன்லப் ரோடுஸ்மார்ட் எல்லாம் இந்த ரகம்தான். ஈரத்தில் பிடிக்க சிலிக்கா கலந்த ரப்பர், பல மாடல்களில் நடுவில் தேயாத கடின ரப்பர், ஓரத்தில் சாயும்போது பிடிக்க மெத்தென்ற ரப்பர். இந்த வரிசையில் எதை எடுத்தாலும் நீயும் நானும் ஓட்டுகிற ஓட்டத்துக்கு அதன் எல்லையைத் தொட மாட்டோம், கர்வம் வேண்டாம். நான் இப்போது போட்டிருப்பது ரோட்டெக், மழையில் நம்பிக்கையாக இருக்கிறது, ஆனால் அடுத்த தடவை அதையேதான் போடுவேன் என்று சொல்ல மாட்டேன். இவற்றில் எது உன் அளவில் சமீபத்திய தேதியோடு கிடைக்கிறதோ அதை எடு. கம்பெனிப் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கிடங்கில் நாலு வருஷம் தூங்கின டயரை வாங்காதே.

அளவு விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதே. உன் வண்டிக்கு முன்னால் 120/70 ZR17 58W, பின்னால் 180/55 ZR17 73W. 120 என்பது அகலம் மில்லிமீட்டரில், 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது, R என்றால் ரேடியல், 17 ரிம்மின் அளவு அங்குலத்தில். 58 என்றால் 236 கிலோ தாங்கும், 73 என்றால் 365 கிலோ, W என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வரை. பாரத்திலும் வேகத்திலும் வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பதற்குக் கீழே இறங்கக் கூடாது. சில மாடலில் கனமான வண்டிகளுக்கென்றே தனி வகை இருக்கும், ரோடு 6-லேயே ஜிடி என்று ஒன்று தனியாக வருகிறது, உன் வண்டி மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்கு. "180-க்குப் பதில் 190 போடு, பின்னாலிருந்து பார்த்தா கெத்தா இருக்கும்" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அவர் யாரென்று எனக்குத் தெரியும், அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு 180-யே போடு. 180-க்கு என்று செய்த ரிம்மில் அகல டயர் இடுக்கிக்கொண்டு உட்காரும், அதன் வளைவு வடிவமே மாறிப்போகும், வண்டி திரும்புவதற்குச் சோம்பல்படும்.

பின் டயரை மட்டும் இப்போது மாற்றலாமா என்றும் கேட்டிருந்தாய். பின் டயர் சீக்கிரம் தேயும், அதனால் சாதாரணமாக அதை மட்டும் மாற்றுவது தப்பில்லை. உன் கதை வேறு, இரண்டும் ஒரே வயசு. பலமாகப் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் கனமெல்லாம் முன் டயர் மேல்தான் போய் விழும், பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. ஜோடியாகவே மாற்று, ஒரே மாடலில்.

கடையில் மாட்டும்போது பக்கத்திலேயே நில், போனைப் பார்த்துக்கொண்டு வெளியே உட்காராதே. பழையதைக் கழற்றுவதற்கு முன்பே புதுசின் தேதியைப் பார்த்துவிடு. பக்கத்தில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், முன் டயரின் பட்டன் பின் டயருக்கு எதிர்ப்பக்கமாக இருப்பது போலத் தெரிந்தாலும் குழம்பாதே, அம்பு சொல்வதுதான் சரி. போன தடவை ஒரு கடையில் என் முன் டயரைத் திருப்பி மாட்டி, பேலன்ஸும் செய்து, "ரெடி சார்" என்று சாவியை நீட்டிவிட்டார்கள், நான் குனிந்து பார்த்து அம்பைக் காட்டியதும் அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுபடி கழற்றி மாட்டினார்கள். மஞ்சள் புள்ளி ஒன்று இருந்தால் அது டயரின் லேசான இடம், வால்வுக்கு நேராக வைப்பார்கள், அப்படி வைத்தாலும் பேலன்ஸ் செய்துதான் ஆக வேண்டும். வால்வையும் புதுசாகப் போடச் சொல், அதுவும் ரப்பர்தானே, அதற்கும் அதே வயசுதான். சக்கரம் கையில் இருக்கும்போதே பேரிங்கை விரல் விட்டுச் சுற்றிப் பார், கரகரத்தால் அதையும் மாற்றிவிடு. பின் சக்கரம் ஏறியதும் செயின் தளர்வையும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்பதையும் பார்.

அப்புறம் ஒன்று, இதை மறந்துவிடாதே. காலிப்பரை, அதாவது பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தை, கழற்றி மாட்டியிருப்பார்கள், கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் பிரேக்கை நாலைந்து தடவை பிடித்து விடு. முதல் பிடியில் லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் போய் ஒட்டும், பிரேக்கே இருக்காது. ரோட்டில் இறங்கிய பிறகு அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

புது டயரின் மேல்பக்கம் அச்சிலிருந்து வந்த வழவழப்போடு இருக்கும். முதல் நூறு கிலோமீட்டராவது அடக்கி ஓட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் கூட்டு, திடீர் ஆக்சிலரேட்டர் வேண்டாம். உன் முழங்காலும் அதே நிதானத்தைத்தான் கேட்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். காற்றை எப்போதும் வண்டி ஆறியிருக்கும்போது பார், ஓடி வந்ததும் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்து யாராவது இறக்கிவிடப் போகிறார்கள். குளிர்காலம் வந்தால் பஞ்சர் இல்லாமலே குறையும், ஐந்தாறு டிகிரி குளிர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) இறங்கும். டயரைப் பளபளக்க வைக்கிற பாலிஷ் உன்னிடம் ஒரு பாட்டில் இருந்ததே, தயவுசெய்து அதைத் தூக்கிப் போடு, பட்டன் மேல் பட்டால் வழுக்கும்.

இங்கே எல்லாரும் நலம். மகள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள், இப்போது வாரா வாரம் என் வண்டிக்கும் சேர்த்து அவள்தான் காற்று பார்க்கிறாள், நான் ஒரு பிஎஸ்ஐ குறைவாக வைத்தாலும் திட்டு விழுகிறது. ஆபீஸில் எனக்கு செக்‌ஷன் மாற்றிவிட்டார்கள், வேலை குறைவு, மீட்டிங் அதிகம். உன் வண்டி தயாரானதும் சொல், நான் லீவு போடுகிறேன். நீ மெதுவாகத்தான் ஓட்டுவாய் என்பதால் இந்தத் தடவையாவது நான் முன்னால் போகலாம்.

அன்புடன்,
உன் கூட்டாளி

பி.கு.: நைட்ரஜன் அடிக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் எழுத மறந்துவிட்டேன். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சும்மா கொடுத்தால் அடித்துக்கொள், காசு கேட்டால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல காற்றழுத்த மீட்டர் வாங்கு.